வயலின் படிக்கப் போனவள் ஊர் சுற்றிக் காட்டுகிறாள்

அம்மா, உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். "கடன் வாங்கி ஜெர்மனிக்கு, லைப்சிக் நகரத்துக்கு அனுப்பினோம், அவள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டூரிஸ்ட்டுகளுக்குத் தேவாலயம் காட்டுகிறாள்." கோபம் நியாயம்தான். ஆனால் உங்கள் கவலை தப்பான இடத்தில் நிற்கிறது. கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்ப்போம்.

முதலில் இசைக்கு அங்கே என்ன நிலைமை என்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் அரசுப் பணத்தில் நடக்கும் ஆர்க்கெஸ்ட்ராக்கள், அதாவது மேற்கத்திய செவ்வியல் இசை வாசிக்கும் பெரிய வாத்தியக் குழுக்கள், 1992இல் 168 இருந்தன. இப்போது ஏறத்தாழ 130. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு கிழக்கில் பல மூடப்பட்டன, சில ஒன்றோடு ஒன்று சேர்க்கப்பட்டன. ஒரு வயலின் இடம் காலியானால் உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறது. ஆள் எடுக்கும் தேர்வில், திரைக்குப் பின்னால் நின்று மோட்சார்ட் எழுதிய வயலின் கான்செர்ட்டோ ஒன்றின் முதல் பகுதியை வாசிக்க ஆரம்பிப்பார்கள். பாதியிலேயே 'நன்றி' என்று குரல் வந்துவிடும். மாஸ்டர்ஸ் முடித்த கையோடு அந்த நாற்காலியில் போய் உட்காருபவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் குழந்தைகளுக்கு டியூஷன் எடுப்பார்கள், தேவாலயத்திலும் கல்யாணத்திலும் வாசிப்பார்கள். இப்படி ஒரு நாள் வாசித்துவிட்டுக் கையில் காசு வாங்கும் வேலைக்கு அங்கே 'முக்கெ' என்று செல்லப் பெயரே உண்டு.

உங்கள் மகள் தினமும் ஆட்களை நிறுத்திக் கதை சொல்லும் இடத்தில், தோமாஸ் தேவாலயத்துக்கு வெளியே, இசையமைப்பாளர் பாக்கின் சிலை இருக்கிறது. 1908இல் வைத்தது. கோட்டின் ஒரு பையை வெளியே இழுத்துவிட்டாற்போல் செதுக்கியிருப்பார்கள். காலிப் பை என்பது ஊர்ப் பேச்சு. 1723இலிருந்து 1750இல் சாகும்வரை அந்தத் தேவாலயத்தில் இசைப் பொறுப்பில் இருந்தவர் அவர். 1730இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஊரில் காற்று நன்றாக இருந்து சாவு குறைந்ததால் இழவு வீட்டு வரும்படியில் நூறு டாலருக்கு மேல் குறைந்துவிட்டது என்று புலம்பியிருக்கிறார். (டாலர் என்றால் அந்தக் காலத்து ஜெர்மன் வெள்ளிக் காசு.) சம்பளம் ஒரு பக்கம், மேல்வரும்படி ஒரு பக்கம் என்றுதான் அவருக்கே ஓடியது. உங்கள் மகளுக்கு நீங்கள் சலுகை காட்ட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தொழிலின் கணக்கு அன்றிலிருந்தே இப்படித்தான்.

சரி, கவலைப்பட வேண்டியதற்கு வருகிறேன். அவள் இன்னும் மாணவி. ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கலாம். ஆனால் அது ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்தால்தான். ஊர் சுற்றிக் காட்டும் வேலை பெரும்பாலும் அப்படி இல்லை; நடைக்கு இவ்வளவு என்று பில் எழுதிக் கொடுத்து வாங்கும் சுயதொழில். மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய வெளிநாட்டவர் அலுவலகம் தனியாக அனுமதி தர வேண்டும். கேட்டால் பல நேரம் தருகிறார்கள். கேட்காமல் செய்தால், விசாவை நீட்டிக்கும் நாளில் அது முன்னால் வந்து நிற்கும். நான் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்த வித்தியாசமே தெரியவில்லை, ஏனென்றால் வேலை கொடுத்தவர் சொல்லவில்லை.

இன்னொன்று, 'இலவச நடை' என்று விளம்பரம் செய்து டிப்ஸ் மட்டும் வாங்கும் டூர்கள். இவற்றில் பல இடங்களில் வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று வழிகாட்டியே நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். இருபது பேர் வந்து ஐந்து பேர் மட்டும் காசு போட்டால் அன்றைக்குக் கைநஷ்டம். அவள் எந்த வகையில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படிப்பு முடிந்த பிறகு நிலைமை மாறுகிறது. வேலை தேட 18 மாதம் இருக்கலாம். அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம், சுயதொழில் உட்பட. அதற்கப்புறம்தான் எனக்குப் பிடித்த விஷயம். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவில், அங்கேயே பட்டம் வாங்கியவருக்குச் சுயதொழில் அனுமதி தர ஒரு தனி வழி இருக்கிறது. நிபந்தனை, அந்தத் தொழிலுக்கும் படித்த படிப்புக்கும் தொடர்பு தெரிய வேண்டும். மதுக்கடை மதுக்கடையாகக் கூட்டிப் போகும் டூருக்கு அதை நிரூபிப்பது கஷ்டம். ஆனால் லைப்சிக்கில் பாக் கல்லறை, இன்னொரு இசையமைப்பாளர் மெண்டல்சோன் இறந்த வீடு, இசைக் கலைஞர்களான ஷூமன் தம்பதி குடியிருந்த வீடு எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன. இவற்றைக் கோத்து 'நோட்டன்ஷ்பூர்' என்று ஒரு இசைத் தடமே நடைபாதையில் பதித்திருக்கிறார்கள். வயலின் பட்டம் வாங்கியவள் அதில் ஆட்களைக் கூட்டிப் போய், நடுவில் வயலினை எடுத்து நான்கு வரி வாசித்தும் காட்டினால், தொடர்பு என்ன என்று அதிகாரி கேட்கும்போது சொல்லப் பதில் இருக்கும். முடிவு அவர் கையில்தான். ஆனாலும் பொது டூரிலிருந்து இசை டூருக்கு அவள் இப்போதே நகர்வது நல்லது.

ஜெர்மனியில் வழிகாட்டியாக இருக்க உரிமம் கட்டாயமில்லை. ஆனால் வழிகாட்டிகள் சங்கத்தின் மூன்று நட்சத்திரச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. 600 பாடவேளைப் பயிற்சி. இப்போது வேண்டாம், படிப்பு முடியட்டும். ஜெர்மன் மொழியைத் தேற்றிக்கொள்வதுதான் உடனடி வேலை. ஆங்கிலத்தில் மட்டும் காட்டினால் கோடையிலும் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்திலும் ஓடும், ஜனவரியில் படுத்துவிடும்.

எனக்கு உண்மையில் பயம் எங்கே என்றால், அவள் கடைசி செமஸ்டரைத் தள்ளிப் போடுவதில். கைக்குக் காசு வருவது ருசியான விஷயம். ஒவ்வொரு கூடுதல் செமஸ்டருக்கும் அந்தக் கல்லூரியில் 1,800 யூரோ கட்ட வேண்டும். டூரில் சம்பாதித்தது அங்கே போய்விடும். உடம்பும் இருக்கிறது. பூஜ்யம் டிகிரிக் குளிரில் இரண்டு மணி நேரம் கத்திப் பேசிவிட்டு வந்தால், இடது கை விரல்கள் வழிக்கு வரவே அரை மணி ஆகும். சாயங்காலப் பயிற்சி அதோடு போச்சு. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் டூர், அதிலும் காலை வேளை வேண்டாம் என்று அவளே கோடு போட்டுக்கொள்ளட்டும். வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் மாணவர் கட்டணத்தில் மருத்துவக் காப்பீடு கிடைப்பதிலும் சிக்கல் வரும்.

"எப்போது இசைக்குத் திரும்புவாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அவள் போனை வைத்துவிடுவாள். குடியிருப்பு அட்டையோடு ஒரு துணைத்தாள் கொடுத்திருப்பார்கள். அதில் 'செல்ப்ஸ்டேண்டிகே டேடிக்கைட்', அதாவது சுயதொழில் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி எனக்கும் அனுப்புங்கள். பட்டத்துக்காக அவள் வாசிக்க வேண்டிய நிறைவுக் கச்சேரிக்குத் தேதி குறித்தாகிவிட்டதா என்பதையும் அதிலேயே ஒரு வரி எழுதுங்கள்.