எழுதலாமா, அழிக்கலாமா: கேள்விகளும் பதில்களும்

ஈரோட்டில் வக்கீலாக இருக்கிறேன். முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் எதை எழுதலாம் என்று இந்த வாரம் பலர் கேட்டிருந்தீர்கள்.

சென்னிமலைப் பக்கம் ஒரு தம்பி: வாய்க்கால்ல சாயத் தண்ணி ஓடுறதை வீடியோ போட்டேனுங்க. வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. அழிச்சுடட்டுங்களா?

அழிக்காதீர்கள் தம்பி. சாயக்கழிவு தேங்கிக் கெட்டுப்போன ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள், நான் சொல்லவே வேண்டாம். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போடும்வரை, நொய்யல் ஆற்றுப் பக்கத்து விவசாயிகள் எத்தனை வருஷம் கத்தினார்கள்! உண்மையைப் பொது நன்மைக்காகச் சொல்வது அவதூறு ஆகாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலேயே அந்த விலக்கு இருக்கிறது. ஆனால் உண்மை என்று நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். போனில் எடுத்த அசல் வீடியோவை அப்படியே வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்புறம், நீங்கள் எழுதிய வரியைப் பாருங்கள். "தண்ணி செவப்பா ஓடுது" என்பது கண்ணால் கண்டது. "அதிகாரிக்குக் காசு குடுத்துட்டாங்க" என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கோபியிலிருந்து: முகநூல்ல அரசாங்கத்தைத் திட்டினா 66ஏல உள்ள போடுவாங்களாமே?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த அந்த 66ஏ பிரிவே இப்போது இல்லைங்க. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

திருப்பூரில் ஒரு குரூப் அட்மின்: யாரோ போடற வதந்திக்கு நான் பொறுப்புங்களா?

அட்மின் என்பதற்காக மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்களே பார்வர்டு செய்தால் அது உங்கள் தலையில்தான் விழும். 2023 மார்ச்சில் உங்கள் ஊரிலேயே பார்த்தீர்களே. பீகார் தொழிலாளிகளை இங்கே அடிக்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவி, பனியன் கம்பெனியில் வேலை செய்த பிள்ளைகள் எவ்வளவு பயந்துபோனார்கள்! இதற்கெல்லாம் கருத்துச் சுதந்திரம் என்று பேர் வைக்க என்னால் முடியாது. சந்தேகமாக இருந்தால் நீக்கிவிடுங்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் ஆசிரியை: கோயில் வழக்கம் ஒன்றைப் பற்றி எழுதினேன். பேசி முடித்துக்கொள்ளலாம், மன்னிப்பு எழுதிக் கொடு என்று ஊரில் கூப்பிடுகிறார்கள்.

அம்மணி, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தமாக இருக்கிறது. உங்கள் திருச்செங்கோட்டுக் கோயில் வழக்கம் ஒன்றைச் சொல்லும் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வந்தது 2010இல். நான்கு வருஷம் கழித்துச் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுத்துத்தான் ஊரைக் கொதிக்க வைத்தார்கள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடந்தது. அங்கே கையெழுத்துப் போட்டு வந்தவர், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் எழுதினார். 2016 ஜூலை 5 அன்று அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் இடையில் போன ஒன்றரை வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது? நம் ஊர்ப்பக்கம் வாயை அடைக்கச் சட்டமே வேண்டியதில்லை. "எதுக்கு வம்பு, ஒரு கையெழுத்துதானே" என்ற பேச்சே போதும்.

நேரில் வரச்சொன்னால் தனியாகப் போகாதீர்கள். அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.