வெண்கரத்து இசோல்ட்

அன்புள்ள அம்மா,
ட்ரிஸ்டன்–இசோல்ட் என்ற பழைய ஐரோப்பியக் காதல் கதையை இப்போதுதான் வாசித்தேன். மனசே ஆறவில்லை. வசிய மருந்தைக் குடித்ததால் வந்தது காதலாகுமா? அப்புறம், கப்பல் பாயின் நிறத்தை மாற்றிச் சொல்லி இருவரையும் சாகடித்த அந்தப் பொறாமைக்காரி மனைவியை நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது.
— ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

மருந்து விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பெரூல் என்ற பழைய பிரெஞ்சுக் கவி பாடிய வடிவத்தில் அதன் வேகம் மூன்றே ஆண்டு. அது தீர்ந்த பிறகும் இருவரும் திருட்டுத்தனமாகச் சந்தித்துக்கொண்டுதான் இருந்தார்கள். போதுமா?

என்னை உறுத்தியது உங்கள் கடைசி வரி. பொறாமைக்காரி என்கிறீர்களே, அவள் பெயரென்ன? கடிதம் முழுக்கத் தேடினேன், காணோம். அவளும் இசோல்ட்தான் தம்பி. பிரான்சின் பிரிட்டனி பகுதிக்காரி, வெண்கரத்து இசோல்ட். ட்ரிஸ்டனின் காதலியான அயர்லாந்து இசோல்ட் மார்க் அரசனின் மனைவியாக இருக்க, அந்தப் பெயருக்காகவும் அழகுக்காகவும்தான் ட்ரிஸ்டன் இவளைக் கட்டிக்கொண்டான். வேறு பெயர் வைத்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பாள்.

12ஆம் நூற்றாண்டில் தாமஸ் எழுதிய பிரெஞ்சுக் காவியத்தில் முதலிரவைப் பாருங்கள். இறுக்கமான சட்டைக் கையைக் கழற்றும்போது, பழைய காதலி கொடுத்த மோதிரமும் விரலிலிருந்து உருவிக்கொண்டு வருகிறது. உடனே ஐயாவுக்கு மனசாட்சி விழித்துவிடுகிறது! விலாவில் பழைய நோவு என்று மனைவியிடம் பொய் சொல்லி ஒதுங்கிப் படுக்கிறான். அவளும் வெளியே மூச்சுவிடவில்லை. பிறகொரு நாள் சவாரி போகையில், குதிரை மிதித்த தண்ணீர் தெறித்து அவள் தொடைவரை ஏறுகிறது. சிரித்துவிடுகிறாள். ஏன் சிரித்தாய் என்று கூட வந்த சகோதரன் துருவித் துருவிக் கேட்க, இந்தத் தண்ணீருக்கு இருக்கிற துணிச்சல் என் புருஷனுக்கு இல்லையே என்கிறாள். உங்கள் ஆத்திரம் இந்த இடத்தில் வந்திருக்க வேண்டும்.

அப்புறம் அவன் விஷ ஈட்டி பட்டுக் கிடக்கிறான். பழைய காதலியைக் கூட்டிவர யாரை அனுப்புகிறான் தெரியுமா? மனைவியின் அதே சகோதரனை. கப்பலில் காதலி வந்தால் வெள்ளைப் பாய், வராவிட்டால் கறுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அத்தனையையும் கேட்டுவிடுகிறாள் மனைவி. கேட்டபின்னும் முகத்தில் எதையும் காட்டாமல் அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். வெள்ளைப் பாயோடு கப்பல் வந்தபோது கறுப்பு என்றாள். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்யாணத்தில் முதல் பொய் யாருடையது?

ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் இன்னும் மோசம். 1865இல் மியூனிக்கில் மேடையேறிய அவருடைய இசைநாடகத்தில் இவளுக்கு இடமே இல்லை. நீங்களாவது திட்டுவதற்காகவேனும் நினைத்தீர்கள்.

அடுத்த முறை பெயரைச் சொல்லித் திட்டுங்கள்.