பதின்வயதுப் பிள்ளையை யார் உருவாக்குகிறார்கள்: வீடா, நண்பர்களா, பண்பாடா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பதின்வயதில் குடும்பம், நண்பர்கள், பண்பாடு ஆகிய மூன்றில் எதன் கை ஓங்குகிறது? நண்பர் கூட்டம் சேர்ந்த பிறகு பெற்றோரால் ஏதாவது செய்ய முடியுமா?"

நிறையவே செய்ய முடியும். ஆனால் பெரும்பாலான பெற்றோர் அதைக் கண்காணிப்பிலும் தடையிலும் தேடுகிறார்கள். அங்கே கிடைப்பது கொஞ்சம்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். மூன்றுக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. உடை, பேச்சு, இசை, எந்தச் செயலி, இன்று மாலை எங்கே என்பவற்றில் நண்பர்கள் சொல்வதே எடுபடும். படிப்பின் இலக்கு, பணத்தைக் கையாளும் விதம், நல்லது கெட்டது பற்றிய அடிப்படை ஆகியவற்றில் வீட்டின் பிடி அவ்வளவு சுலபத்தில் தளர்வதில்லை. எந்த வயதில் எதைப் பிள்ளையே முடிவு செய்யலாம் என்ற எல்லையைப் பண்பாடு வகுக்கிறது. ஆகவே தலைமுடி வெட்டிய விதத்தை வைத்து "இவன் கை நழுவிப் போய்விட்டான்" என்று முடிவு கட்டுவது அவசரம்.

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வரையிலான வயதை வளரிளம் பருவம் என்கிறது. இந்தப் பருவத்தில் மூளையில் இரண்டு வேலைகள் இரண்டு வேகத்தில் நடக்கின்றன. பரிசையும் பாராட்டையும் நாடும் பகுதிகள் பருவமடையும்போதே கூர்மையாகிவிடுகின்றன. நிதானித்து, விளைவை எடைபோடும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி இருபதுகளின் நடு வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 2005-ல் உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். தனியாக விளையாடியபோதும், சம வயது நண்பர்கள் இருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதும் அளந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் யார் பார்த்தாலும் பெரிய மாற்றம் இல்லை. 13 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் நண்பர்கள் பார்க்கும்போது மிக அதிகமாகத் துணிந்தார்கள்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு பாடம் எடுக்கலாம். "இது ஆபத்து என்று உனக்குத் தெரியாதா?" என்ற கேள்வியால் பயனில்லை. பிள்ளைக்குத் தெரியும். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் சரியான பதிலையே சொல்லும். அந்த அறிவு, நண்பர்கள் சூழ நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் வேலை செய்வதில்லை. எனவே அறிவுரையைக் கூட்டுவதைவிடச் சூழலை மாற்றுவதே பலன் தரும். பல நாடுகளில் புதிதாக உரிமம் பெற்ற இளம் ஓட்டுநர் சம வயதினரை ஏற்றிச் செல்லக் கட்டுப்பாடு இருப்பது இதே காரணத்துக்காகத்தான். பள்ளி முடிந்து பெரியவர்கள் வீடு திரும்பும் வரை உள்ள இரண்டு மூன்று மணி நேரம், யாரும் இல்லாத வீடு, செய்வதற்கு எதுவும் இல்லாத கூட்டம்: இந்த மூன்றும் சேரும் இடத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வாரத்தில் மூன்று மாலைகளை ஒரு விளையாட்டோ இசையோ எடுத்துக்கொண்டாலே அந்த இடைவெளியில் பாதி அடைபட்டுவிடும்.

கூடவே, தப்பி வர ஒரு வழியும் தேவை. முன்கூட்டியே ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் நீங்கள் உடனே தொலைபேசியில் அழைத்து, "அவசரம், கிளம்பி வா" என்று மற்றவர்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். நண்பர்கள் முன் மானம் போகாமல் விலகுவதற்கு அதுவே போதும். அன்றிரவு விசாரணை கூடாது. பேச வேண்டியதை மறுநாள் பேசலாம். பெரும்பாலான வீடுகளில் இந்த ஏற்பாடு முறிவது இங்கேதான். முதல் தடவை வண்டியில் ஏறியதுமே திட்டு விழுந்தால், இரண்டாம் தடவை அந்தச் செய்தி வராது.

"கூட்டாளிகள் கெடுத்துவிட்டார்கள்" என்பது பாதி உண்மை. 1978-ல் டெனிஸ் காண்டெல் வெளியிட்ட ஆய்வு நண்பர் ஜோடிகளை ஒரு பள்ளி ஆண்டு முழுக்கத் தொடர்ந்து பார்த்தது. நண்பர்கள் ஒரே மாதிரி இருப்பதற்கு, ஒருவரை ஒருவர் மாற்றுவது எவ்வளவு காரணமோ, தன்னைப் போன்றவரையே தேடிச் சேர்வதும் ஏறக்குறைய அவ்வளவு காரணம் என்று அது காட்டியது. ஆகவே ஒரு நண்பனை வெட்டிவிட்டால், பிள்ளை அதே மாதிரி இன்னொருவனைத் தேடிக்கொள்ள வாய்ப்பு அதிகம். தடை போடும்போது வேறொன்றும் நடக்கிறது: நட்பு தொடரும், உங்களிடம் சொல்வது மட்டும் நின்றுபோகும். நேரடி ஆபத்து இருந்தாலொழிய, அதாவது வன்முறை, போதைப்பொருள், வயதில் மிக மூத்தவரின் நெருக்கம் போன்றவை இல்லாதவரை, நண்பனைத் தடுக்காதீர்கள். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் வரையறுங்கள். வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவர்களின் பெற்றோரில் இருவர் மூவரையாவது நேரில் அறிந்து வையுங்கள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தால், "அவங்க வீட்ல எல்லாரையும் விடுறாங்க" என்ற வாதம் உண்மையா என்பது ஒரே அழைப்பில் தெரிந்துவிடும்.

ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிக்கலில் இருக்கும் பிள்ளைகளை மட்டும் ஒன்றாகக் கூட்டி "திருத்தும்" குழுக்கள் சில சமயம் நிலைமையை மோசமாக்குகின்றன. 1999-ல் டிஷியன், மெக்கார்ட், பூலின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை ஆதாரங்களோடு எழுதினார்கள். நடப்பது எளிது. ஒருவன் விதியை மீறிய கதையைச் சொன்னால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நல்லதாக எதையாவது சொன்னால் யாரும் கண்டுகொள்வதில்லை. அந்தச் சிரிப்பே பரிசாகிவிடுகிறது. அதனால் கலப்புக் குழு, கையில் ஒரு வேலை, கூடவே பொறுப்பான ஒரு பெரியவர் என்று அமைப்பதே பாதுகாப்பு.

நண்பர்களால் வரும் நன்மையைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை என்பது என் வருத்தம். விட்டுக்கொடுத்தல், மன்னிப்புக் கேட்டல், ரகசியம் காத்தல் எல்லாம் சமமானவர்களோடு பழகித்தான் வருகின்றன. பெற்றோரிடம் கற்க முடியாதவை அவை. வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு உண்மையான ஒரே ஒரு நட்பு இருந்தாலும் அந்தக் காயத்தின் ஆழம் குறைகிறது. எத்தனை நண்பர்கள் என்று எண்ண வேண்டாம். ஒருவராவது இருக்கிறாரா, அவரும் இவரை நண்பராக நினைக்கிறாரா என்று பாருங்கள். நெருங்கிய நட்பிலும் ஒரு கோளாறு வரலாம்: இருவர் ஒரே துயரத்தைத் தீர்வில்லாமல் மணிக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பேசுவது. நெருக்கமும் கூடும், மனச்சோர்வும் கூடும். சிறுமிகளிடம் இது அதிகம் காணப்படுகிறது. அப்போது நட்பைக் குறை சொல்லாமல், இருவரும் சேர்ந்து செய்ய வேறொரு வேலையைக் கொடுங்கள்.

இனி வீடு. பிள்ளை வளர்ப்பு முறைகளை உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் வகைப்படுத்தத் தொடங்கியதன் சாரம், பாசமும் கட்டுப்பாடும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பது. இரண்டும் உயர்ந்திருக்கும் வீடுகளில் பிள்ளைகள் பொதுவாக நன்றாக வளர்கிறார்கள். ஆனால் கட்டுப்பாடு என்பதில் இரண்டு வகை இருக்கிறது. இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பெரிய சேதம். "ஒன்பது மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும்" என்பது நடத்தையைக் கட்டுப்படுத்துவது. "உனக்காக என் வாழ்க்கையையே தேய்த்தேன், நீ இப்படிச் செய்கிறாயே" என்பதும், மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் மனத்தைக் கட்டுப்படுத்துவது. முதலாவது அளவோடு இருந்தால் பாதுகாப்பு. இரண்டாவது பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் தொடர்ந்து சேர்ந்தே காணப்படுகிறது. எந்த நாட்டிலும் எந்தப் பண்பாட்டிலும் பாசத்தின் பெயரால் இதைச் செய்ய வேண்டியதில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் கருதுவது ஹோகான் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு. பிள்ளை எங்கே, யாரோடு, என்ன செய்கிறது என்று தெரிந்துவைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகச் சிக்கலில் மாட்டுகிறார்கள் என்பது முன்பே அறிந்ததுதான். அந்தத் தகவல் எப்படிக் கிடைத்தது என்று இவர்கள் கேட்டார்கள். துருவிக் கேட்டதாலோ விதி போட்டதாலோ கிடைத்தது குறைவு. பெரும்பகுதி, பிள்ளை தானாக வந்து சொன்னது. அப்படியானால் பெற்றோரின் முதல் வேலை, பிள்ளை தானாகச் சொல்வது நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது.

எதனால் நிற்கிறது? உண்மையைச் சொன்னதற்கே தண்டனை கிடைத்தால் நிற்கும். சொன்ன விஷயம் மறுநாள் உறவினர் வாயில் வந்தால் நிற்கும். இரண்டு மாதம் கழித்து வேறொரு சண்டையில் "நீதானே அன்றைக்குச் சொன்னாய்" என்று எடுத்து வீசினால் நிற்கும். மிகச் சாதாரணமான காரணம், வாக்கியம் முடியும் முன்பே அறிவுரை தொடங்கிவிடுவது. "யோசனை வேணுமா, கேட்டா மட்டும் போதுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு ஏற்ப நடந்துகொள்ளுங்கள். எதிரெதிரே உட்காரவைத்து "உன்னிடம் பேச வேண்டும்" என்று தொடங்கினால் வாய் பூட்டிக்கொள்ளும். வண்டியில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது, நடக்கும்போது, முகம் பார்க்காமல் பக்கத்தில் இருக்கும்போது பேச்சு வரும். 10 வயதிலிருந்து 18 வயதுக்குள் குடும்பத்தோடு கழிக்கும் நேரம் வெகுவாகக் குறைவது இயல்பு. பெற்றோரில் ஒருவரோடு தனியாகப் பேசும் நேரம் அந்த அளவுக்குக் குறைய வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம், ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. படிப்பைப் பற்றி அப்போது கேட்காதீர்கள்.

கைபேசியை ரகசியமாகத் துழாவுவது இதே காரணத்தால் நட்டத்தில் முடிகிறது. கிடைத்ததைப் பயன்படுத்தினால் நீங்கள் பார்த்தது தெரிந்துவிடும். பயன்படுத்தாவிட்டால் பார்த்ததால் என்ன பயன்? 10, 11 வயதில் "இதை நானும் அவ்வப்போது பார்ப்பேன்" என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்து, வயது ஏற ஏறப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டே வருவது நல்லது.

எந்த விஷயத்துக்குச் சண்டை போடுவது, எதை விட்டுவிடுவது என்பதற்கு உளவியலாளர் ஜூடித் ஸ்மெட்டானாவின் ஆய்வுகள் உதவும். ஒரே விஷயத்தைப் பெற்றோர் ஒழுங்குப் பிரச்சினையாகவும் பிள்ளை தன் சொந்த விஷயமாகவும் பார்ப்பதுதான் அன்றாடச் சண்டைகளின் வேர். பிறரைத் துன்புறுத்துவது, உயிருக்கு ஆபத்தானது ஆகியவற்றில் பெற்றோருக்கு அதிகாரம் உண்டு என்பதைப் பிள்ளைகளே பெரும்பாலும் ஏற்கிறார்கள். அறை, முடி, உடை, யாரைப் பிடிக்கும் என்பவற்றில் ஏற்பதில்லை. விதிகளை நான்கு ஐந்துக்குள் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுங்கள். மீறினால் என்ன என்பதை மீறும் முன்பே பேசி முடியுங்கள். அரை மணி தாமதமாக வந்தால் அடுத்த முறை அரை மணி முன்னதாக வர வேண்டும். ஒரு மாதத்துக்குக் கைபேசியைப் பிடுங்கி வைத்தால், மூன்றாம் நாளுக்குப் பிறகு அது எதற்கு என்பதே மறந்து பகை மட்டும் மிஞ்சும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை விதிகளைத் திரும்பப் பேசி, காப்பாற்றியதற்கு ஈடாக ஒன்றைத் தளர்த்துங்கள்.

இங்கே தூக்கத்தைப் பற்றி ஒரு சொல். இந்த வயதில் உடலின் உறக்க நேரமே பின்னால் தள்ளிப்போகிறது. 13 முதல் 18 வயதுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரம். காலையில் எழ முடியாததைச் சோம்பல் என்று ஒழுக்கக் குறையாக்குவது அநியாயம்.

பண்பாடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கிறது. சுயமாக நிற்பது என்றால் பெற்றோரை விட்டு விலகுவது என்று சில சமூகங்கள் நினைக்கின்றன. துருக்கி உளவியலாளர் சீடெம் காட்சிபாஷி, சுயமாக முடிவெடுப்பதும் குடும்பத்தோடு ஒட்டியிருப்பதும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்க முடியும் என்று வாதிட்டார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வீட்டு வேலையில், தம்பி தங்கையைப் பார்ப்பதில் பங்கெடுக்கும் பிள்ளைக்கு, தான் வேண்டப்பட்டவன் என்ற நிறைவு கிடைக்கிறது. தூக்கத்தையும் படிப்பையும் அது தின்னத் தொடங்கினால் நிறைவு சுமையாகிவிடும். புலம்பெயர்ந்த குடும்பங்களில் புதிய மொழியைப் பிள்ளை முந்திக் கற்றுக்கொள்வதால், பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் மாறிவிடுகிறது. கடையில் பேசட்டும். மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் வேண்டாம்; பெற்றோரின் நோயையும் கடனையும் 12 வயதுப் பிள்ளையின் வாயால் சொல்ல வைக்கக் கூடாது.

பண்பாடு மிகக் கடுமையாகத் தொடும் இடம் பால் வேறுபாடு. பருவமடைந்ததும் ஆணின் உலகம் விரிகிறது, பெண்ணின் உலகம் சுருங்குகிறது. 15 நாடுகளில் 10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளிடமும் அவர்கள் பெற்றோரிடமும் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில் இது திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே வயதில் ஒரே விதி இருந்ததா என்று எழுதிப் பாருங்கள். சீக்கிரம் பருவமடையும் சிறுமியிடம் கூடுதல் கவனம் வேண்டும்: தோற்றத்தைப் பார்த்து மூத்தவர்கள் நெருங்குவார்கள், பெரியவர்களும் அவளிடம் முதிர்ச்சியை எதிர்பார்ப்பார்கள். அவள் வயது 11 என்றால் 11 வயதுப் பிள்ளையாகவே நடத்துங்கள்.

தூக்கம், சாப்பாடு, நட்பு, பிடித்த விளையாட்டு ஆகியவற்றில் பல ஒரே சமயத்தில் மாறி, அந்த மாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், "வயசுக் கோளாறு" என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஆம் என்றால் தனியே விடாமல், மருந்து முதலியவற்றை எட்டாத இடத்தில் வைத்து, அன்றே உதவி தேடுங்கள்.

ஏற்கெனவே பேச்சு நின்றுபோன வீடாக இருந்தால், "இனி எல்லாவற்றையும் என்னிடம் சொல்" என்று தொடங்காதீர்கள். நீங்கள் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு, "ஆனால்" சேர்க்காமல் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு அந்த வாராந்தர அரை மணி நேரத்தைத் தவறாமல் கொடுத்துவாருங்கள். முதல் சில வாரங்கள் பிள்ளை காதில் எதையோ மாட்டிக்கொண்டு பேசாமல்தான் வரும். பிறகு ஒரு சின்ன விஷயம் வரும், பெரும்பாலும் உங்களைச் சோதிப்பதற்காக. அதற்கு அறிவுரை சொல்லாமல், யாரிடமும் போய்ச் சொல்லாமல் இருந்தீர்களா என்று பார்த்த பிறகே பிள்ளை அடுத்ததைச் சொல்லும்.