வெறிச்சோடிய தெருவில் யார் இருந்தார்கள்?

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் நகரத் தெருக்கள் எவ்வளவு அமைதியாகக் கிடக்கின்றன! ஆளும் இல்லை, நெரிசலும் இல்லை. அந்த நிம்மதியை நாம் தொலைத்துவிட்டோமா?
– ஒரு வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: இருந்தால்தானே தொலைப்பதற்கு! அந்தக் காலத்துக் கமராவுக்கு நடமாடும் ஆளைப் பிடிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

1838இல் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் பாரிஸின் ஒரு தெருவை உயரத்திலிருந்து படமெடுத்தார். நாடகக் கொட்டகைகள் நிறைந்த, வண்டியும் சனமுமாக அல்லாடிய தெரு. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்களாவது வேண்டும். அதற்குள் நடந்தவர்களும் குதிரைகளும் கடந்துபோய்விட்டார்கள். மூலையில் ஒருவர் மட்டும் தெளிவாக நிற்கிறார், சப்பாத்தைத் துடைக்கக் கொடுத்துவிட்டு. அசையாமல் நின்றதால் பதிந்தார். அவர் காலடியில் குனிந்து துடைப்பவரோ கலங்கிய நிழலாகத்தான் தெரிகிறார். வேலை செய்கிற உடம்பு அசையாமல் இருக்குமா? அந்தப் படத்தில் என் மனதைப் பிசைவது அவர்தான்.

அதே பெட்டியை நமது பிரெட்ரிக் கோட்டை வாசலில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மீன்கூடையோடு போனவர், மாட்டுவண்டி, மேய்ந்துகொண்டே நகரும் மான்கள், எதுவும் பதிந்திராது. கல்வாசல் மட்டும் துல்லியமாக நிற்கும். டச்சு விரிகுடாவின் அலைகள் பனிப்புகை போலப் படர்ந்திருக்கும். நீங்களும் அதைப் பார்த்து, ‘அடடா, என்ன அமைதி’ என்றிருப்பீர்கள்.

அந்தப் படங்களின் சோகச் சாயலுக்கும் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் புழங்கிய தகடுகளுக்கு நீலமும் வெள்ளையும் ஏறத்தாழ ஒன்றுதான். சிவப்போ கண்ணிலேயே படாது. அதனால்தான் வானம் வெளுத்து முகில்கள் காணாமல் போகின்றன. ஓட்டுக்கூரையும் நெற்றிக் குங்குமமும் கறுத்துவிடுகின்றன.

அப்புறம், 1871இல் மடொக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தகட்டை அறிமுகப்படுத்தினார். பின்வந்தவர்கள் அதன் வேகத்தைக் கூட்டினார்கள். ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் படமெடுக்க முடிந்ததும், அதே மாதிரித் தெருக்களில் சனம் நிறைந்துவிட்டது!

இனி அப்படியொரு படம் கிடைத்தால், கட்டடங்களை விட்டுவிட்டுச் சுவரோரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தரையோடு புகை படிந்தது போல ஏதாவது தெரிகிறதா? சந்தைக்குப் போகிற வழியில் யாரோ ஒருவர் அங்கே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார்.