கடைசி வரிசை வயலின்

கேள்வி: எனக்கு வயது 26. ஒரு சிம்பொனி இசைக்குழுவில், இரண்டாம் வயலின் பிரிவின் கடைசி வரிசையில் வாசிக்கிறேன். என் அண்ணன் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். உறவினர்கள் கூடினால் அவரிடம் ஆலோசனை கேட்கிறார்கள், என்னிடம், “அது சரி, வேலைக்கு எங்கே போகிறாய்?” என்கிறார்கள். பதினான்கு பேர் ஒரே வரியை வாசிக்கும்போது, என் வில் தந்தியில் படாவிட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் செய்வது உண்மையில் யாருக்காவது தேவைப்படுகிறதா, ஐயா?

பதில்: தம்பி, அந்த உறவினர்களை எனக்கும் முப்பது ஆண்டுகளாகத் தெரியும். “கண்டக்டர் கை காட்டியபடி வாசிப்பேன்” என்று நான் சொன்னதற்கு, “எந்த ரூட் பஸ்?” என்று கேட்டவர் என் பெரியப்பா.

தாலாட்டு முதல் ஒப்பாரி வரை என்று தொடங்கி உங்களுக்கு ஒரு பக்கம் எழுதிவிடலாம். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் உங்கள் கூச்சம் போகாது. ஆகவே ஒரு ரொட்டிக் கணக்கைச் சொல்கிறேன்.

1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை ரஷ்யாவின் லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரைச் சுற்றி வளைத்தது. அந்தக் குளிர்காலத்தில், உடலுழைப்பு வேலையில் இல்லாதவர்களுக்கான ரொட்டிப் பங்கீடு ஒரு நாளைக்கு 125 கிராமாகச் சுருங்கியது. வானொலியில் நிகழ்ச்சி இல்லாத நேரங்களில் மெட்ரோனோம் ஒலியை ஓடவிட்டார்கள். மெதுவாகத் தட்டினால் ஆபத்தில்லை, வேகமாகத் தட்டினால் விமானங்கள் வருகின்றன என்று பொருள். தாளம் தப்பாமல் பழக நாம் வைத்துக்கொள்ளும் அதே கருவிதான்.

1942-இல், ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை வாசிக்க, அந்த ஊர் வானொலி இசைக்குழுவின் கண்டக்டர் கார்ல் எலியாஸ்பெர்க் ஆள் திரட்டினார். அந்தப் படைப்புக்கு ஏறக்குறைய நூறு பேர் வேண்டும். அவருடைய குழுவில் வாசிக்கும் நிலையில் மிஞ்சியிருந்தவர்களோ சுமார் பதினைந்து பேர். முதல் ஒத்திகை கால் மணி நேரத்தில் நின்றுபோனது. ஊதுகிறவர்களிடம் மூச்சு இல்லை. போர்முனையிலிருந்து ராணுவ வாத்தியக்காரர்களை வரவழைத்தார்கள். ஒத்திகைக்கு வந்தவர்களுக்குக் கூடுதல் உணவு ஒதுக்கினார்கள். ஆகஸ்ட் 9 அன்று வாசித்தும் முடித்தார்கள். ஒலிபெருக்கிகள் அதை எதிரிப் படையின் காதுவரை கொண்டுபோயின.

இதில் அரசின் பிரசாரக் கணக்கும் இருந்தது. முற்றுகையும் 1944 ஜனவரியில்தான் முடிந்தது. முடித்துவைத்தது சிம்பொனி அல்ல. ஆனாலும், தின்ன வழியில்லாத ஓர் ஊர், இருந்ததில் கொஞ்சம் எடுத்து டிராம்போன் ஊதுபவனுக்குக் கொடுத்தது. தேவையா இல்லையா என்பதற்கு இதைவிடக் கறாரான கணக்கு எனக்குத் தெரியாது.

இதைக் கேட்டு, இசை மனிதனை நல்லவனாக்கும் என்று மேடையில் பேசக் கிளம்பிவிடாதீர்கள். ஆல்மா ரோசே நம்மைப் போல ஒரு வயலின் கலைஞர். அவருடைய தந்தை வியன்னா பில்ஹார்மோனிக்கில் முதல் வயலின்களின் தலைவராக இருந்தவர். தாய்மாமன் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர். 1943-இல் ஆல்மாவை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெண் கைதிகளின் இசைக்குழுவை நடத்தினார். கைதிகள் காலையில் வேலைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் அந்தக் குழு அணிவகுப்பு இசை வாசிக்க வேண்டும். முகாம் அதிகாரிகளும் அவர்கள் இசையை விரும்பிக் கேட்டார்கள். கேட்ட யாரும் அதனால் திருந்திவிடவில்லை. குழுவில் இருந்த பெண்களில் பலர் உயிர் பிழைத்தது, வாத்தியம் வாசிக்கத் தெரிந்ததால். ஆல்மா 1944 ஏப்ரலில் அந்த முகாமிலேயே இறந்தார். நம் தொழிலைப் பற்றி எனக்குப் பெருமை பொங்கும் நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் அடங்கும்.

ஆக, நாம் வாசிப்பதை யார் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது நம் கையில் இல்லை. ஒருமுறை கச்சேரி முழுவதும் நான்காம் வரிசையில் ஒருவர் நன்றாகத் தூங்கினார். எனக்குக் கடும் எரிச்சல். முடிந்ததும் அவரே தேடி வந்து, மனைவி இறந்த பிறகு இன்றுதான் கண்ணயர்ந்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அன்று மெதுவான பகுதியில் எங்கள் பிரிவு சுருதி விலகியதை எண்ணி நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு அதுவும் தெரியாது.

இனி அந்தப் பதினான்கு பேர் விஷயம். ஒரே வயலினை மைக்கில் பதினான்கு மடங்கு உரக்க ஒலிக்கவிட்டுப் பாருங்கள், அந்த அகலம் வராது. ஒவ்வொருவரின் விரலிலும் வில்லிலும் உள்ள மயிரிழை வேறுபாடுகள் ஒன்றாகக் கலப்பதில்தான் அது பிறக்கிறது. நீங்கள் வாசிக்காவிட்டால் அரங்கத்துக்குத் தெரியாது, உண்மைதான். தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு இழுக்காமல் நடப்பவனைத் தெருவில் நிற்பவர்களும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பக்கத்தில் இழுப்பவன் கண்டுபிடித்துவிடுவான். உங்களோடு ஒரே ஸ்டாண்டில் இசைத்தாளைப் பார்த்து வாசிப்பவரை விசாரியுங்கள். எந்த நாளில் நீங்கள் மனம் இல்லாமல் வில்லை இழுத்தீர்கள் என்று தேதியோடு சொல்வார்.

பணம் பற்றி நீங்கள் எழுதவில்லை. கூச்சத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலைகள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். கைக்கும் நல்லது, பைக்கும் நல்லது.

அண்ணனைக் கச்சேரிக்கு அழைக்காதீர்கள், ஒத்திகைக்கு அழையுங்கள். அனுமதி வாங்கி, உங்கள் நாற்காலிக்குப் பின்னால் உட்கார வையுங்கள். அப்போது இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: அறுவை அரங்கில் பாட்டுப் போடுவார்களா? பல இடங்களில் போடுகிறார்கள். என்ன பாட்டு, யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.