இனித்த பீருக்குப் பின் சர்க்கரை தாழ்ந்தது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 61. நீரிழிவுக்காக மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் சாப்பிடுகிறேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் இங்கிலாந்தின் யார்க் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மருமகன் அழைத்துச் சென்ற பப்பில், குளிர்காலத்துக்கென்றே தயாரிக்கப்படும் ‘ஏல்’ என்ற கருஞ்சிவப்பு பீரைக் குடித்தேன். கருப்பட்டிப் பாகில் வறுத்த தானியத்தைப் போட்டது போன்ற சுவை. பிடித்துப்போய் ஒன்றரை பைன்ட் குடித்துவிட்டேன். இவ்வளவு இனிப்பு சர்க்கரையை ஏற்றிவிடுமே என்று பயந்து, இரவு உணவைத் தவிர்த்துவிட்டு, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்தேன். அதிகாலை 4 மணிக்கு உடலெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. மகள் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 52 என்று காட்டியது. சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் தெளிந்தேன். ஏற வேண்டிய சர்க்கரை இறங்கியது எப்படி? அடுத்த முறை போகும்போது அந்த ஏலைச் சுவைக்கலாமா?

பதில்: உங்கள் மகள் உடனே குளுக்கோமீட்டரை எடுத்தது உங்களுடைய நல்வாய்ப்பு. மது வாடையோடு ஒருவர் குழறிப் பேசினால், போதை தெளியட்டும் என்று போர்த்திப் படுக்கவைத்துவிடுவதே பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. தாழ்சர்க்கரையின் அறிகுறிகளும் போதையின் அறிகுறிகளும் அந்த அளவுக்கு ஒன்றுபோல இருக்கின்றன.

நாக்கு உணர்ந்த இனிப்பை வைத்து நீங்கள் கணக்குப் போட்டதுதான் சிக்கலின் தொடக்கம். பார்லியை முளைக்கவைத்து, உலர்த்தி, வறுத்து எடுப்பதே மால்ட். அதை வெந்நீரில் ஊறவைக்கும்போது மாவுச்சத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைகிறது. அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் உட்கொண்டு ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. ஈஸ்ட்டால் சிதைக்க முடியாத, டெக்ஸ்ட்ரின்கள் எனப்படும் மாவுச்சத்துத் துண்டுகளும் வறுத்த மால்ட்டின் மணமும் சேர்ந்துதான் அந்தக் கெட்டித்தன்மையையும் பாகுச் சுவையையும் தருகின்றன. இத்தகைய ஏல் ஒரு பைன்ட்டில், அதாவது 568 மில்லியில், ஏறத்தாழ 15 முதல் 25 கிராம் மாவுச்சத்து மிஞ்சியிருக்கலாம். அது ஒரு முழு இரவு உணவுக்கு ஈடாகாது.

ஆல்கஹாலின் கணக்கு வேறு. குளிர்கால ஏல்கள் வழக்கமான பீரைவிடக் கடுமையானவை. நீங்கள் குடித்தது 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை பைன்ட்டில் சுமார் 40 கிராம் தூய ஆல்கஹால் இருந்திருக்கும். 8 கிராமை ஓர் அலகாகக் கொள்ளும் பிரிட்டன், வாரம் முழுவதற்குமே 14 அலகுகளைத் தாண்ட வேண்டாம் என்கிறது. நீங்கள் ஒரே மாலையில் 5 அலகுகளை முடித்திருக்கிறீர்கள். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஓர் அலகைத்தான் கையாளும் என்பதால், நீங்கள் உறங்கிய பிறகும் அது அந்த வேலையிலேயே மூழ்கியிருந்தது.

இரவில் நாம் உண்ணாமல் இருக்கும்போது இரத்தச் சர்க்கரை விழுந்துவிடாமல் காப்பதும் அதே கல்லீரல்தான். சேமித்து வைத்த கிளைக்கோஜனைக் கரைத்தும், லாக்டேட், அமினோ அமிலங்கள் போன்றவற்றிலிருந்து குளுக்கோஸைப் புதிதாக உருவாக்கியும் அது இரத்தத்துக்கு அனுப்புகிறது. ஆல்கஹாலைச் சிதைக்கும் நேரத்தில், புதிதாக உருவாக்கும் இந்த இரண்டாவது வழி வெகுவாக அடைபட்டுவிடுகிறது. இரவு உணவும் இல்லாததால் சேமிப்பும் குறைந்துகொண்டே வந்திருக்கும். மறுபுறம் கிளிமெபிரைடோ, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும் மாத்திரை. வரவு நின்றுபோன வேளையில் செலவை அது கூட்டிவிட்டது. இந்த ஆபத்து அன்றிரவோடு முடிவதுமில்லை. குடித்த பிறகு 24 மணி நேரம் வரைகூடச் சர்க்கரை தாழலாம்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு உணவை விட்டதுதான் அன்று நடந்தவற்றில் மிக ஆபத்தான செயல் என்று நான் கருதுகிறேன். மது இல்லாத நாளிலும் அதைச் செய்யாதீர்கள்.

இத்தகைய பீர் உடலுக்குச் சூடு தரும் என்று அங்கே சொல்லியிருப்பார்கள். ஆல்கஹால் தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் கதகதப்பாகத் தோன்றுமே தவிர, உடலின் உள்வெப்பம் அதே வழியாக வெளியேறுகிறது. சர்க்கரையும் தாழ்ந்திருந்தால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறன் குறைந்துவிடும். டிசம்பர் இரவில் பப்பிலிருந்து தனியாக நடந்து வருவது உங்களுக்கு ஏற்றதல்ல.

இனி, சுவைக்கலாமா என்ற கேள்வி. குடிக்காமலே இருப்பதுதான் என் அறிவுரை. ஆல்கஹால் புற்றுநோய்க் காரணி என்பது உறுதியானது, அதற்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார அமைப்பும் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதையும் மீறி ருசி பார்ப்பீர்கள் என்றால், அரை பைன்ட்டுக்கு மேல் போகாமல், சோறோ ரொட்டியோ உருளைக்கிழங்கோ உள்ள முழு உணவுடன் மட்டுமே அருந்துங்கள். படுக்கும் முன்பும் விழித்ததும் சர்க்கரையைப் பாருங்கள். கல்லீரல், சிறுநீரகம், கணையம் ஆகியவற்றில் ஏதேனும் கோளாறு இருந்தால் அந்த அரை பைன்ட்டும் கூடாது. மெட்ஃபார்மினோடு மிகையான மது சேரும்போது இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகும் அபாயம் உண்டு, அது அரிதானாலும் உயிருக்கே ஆபத்தானது.

பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே உங்கள் மருத்துவரைப் பார்த்து, நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஒருமுறை 52 வரை இறங்கியிருப்பதே கிளிமெபிரைடின் அளவை மறுபரிசீலனை செய்யப் போதுமான காரணம். தாழ்சர்க்கரையை எளிதில் உண்டாக்காத மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஆனால் நீங்களாகவே எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

மகளிடமும் மருமகனிடமும் இதைச் சொல்லிவையுங்கள்: அளவு 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, தேறியதும் ரொட்டியோ பிஸ்கட்டோ தர வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, அங்குள்ள அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்க வேண்டும். பிரிட்டனில் சர்க்கரையை வேறு அளவையில் குறிப்பார்கள். நம் எண்ணை 18-ஆல் வகுத்தால் அவர்களுடைய எண் கிடைக்கும். உங்கள் 52 அங்கே 2.9. 

ஆல்கஹால் இல்லாத ஏல் கிடைக்குமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அவற்றில் சில வகைகளில் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே நிறுத்திவிடுவதால், மால்டோஸ் அப்படியே தங்கிவிடுகிறது. அங்கே நீங்கள் முதலில் பயந்தபடி சர்க்கரை உண்மையாகவே ஏறும். புட்டியின் பின்புறம் 100 மில்லிக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.