அமெரிக்காவில் வேலைநிறுத்த உரிமையை நீதிமன்றங்கள் எப்படி வளைத்தன?

அங்கே வேலைநிறுத்தம் குற்றமாக இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். சங்கம் சேர்வது மட்டுமே குற்றமாகாது என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 1842-லேயே சொல்லிவிட்டது. ஆனால் முதலாளிகளுக்கு வேறொரு ஆயுதம் கிடைத்தது: தடையாணை.

1894-ல் சிகாகோ அருகே புல்மன் ரயில்பெட்டி நிறுவனம் கூலியைக் குறைத்தது. ஆனால் தொழிலாளர்கள் குடியிருந்த கம்பெனி வீடுகளின் வாடகையைக் குறைக்கவே இல்லை. யூஜின் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே சங்கம் புல்மன் பெட்டிகளைத் தொட மறுத்தது. ரயிலில் போகும் தபால் தடைபடுகிறது என்று மத்திய அரசே தடையாணை வாங்கியது. மீறியதற்காக டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. நீதிமன்ற அவமதிப்பு என்பதால் ஜூரி விசாரணை கிடையாது! 1895-ல் உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக ஆமோதித்தது.

கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரின் தொப்பித் தொழிலாளர்களின் கதை இன்னும் கொடுமை. ஏகபோகங்களை அடக்க வந்த ஷெர்மன் சட்டம், 1908 தீர்ப்பில், ஒரு தொப்பி நிறுவனத்தின் சரக்கை வாங்காதீர்கள் என்ற சங்கத்தின் புறக்கணிப்பு மீதே பாய்ந்தது. அந்த வழக்கில் சாதாரண உறுப்பினர்களின் வீடுகளும் வங்கிச் சேமிப்பும் முடக்கப்பட்டன.

1932-ல் நாரிஸ்–லாகார்டியா சட்டம் தடையாணைக்குக் கடிவாளம் போட்டது. சங்க உரிமை தந்த 1935-ன் வாக்னர் சட்டம், 1937-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற கணக்கில் தப்பியது. மறு வருடமே மெக்கே ரேடியோ வழக்கில், கூலிக்காக வேலைநிறுத்தம் செய்வோரின் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆட்களை வைக்கலாம் என்றது அதே நீதிமன்றம். அவர்களைப் பணிநீக்கம் செய்யக்கூடாது, ஆனால் இடத்தை நிரப்பலாம்! வீட்டுக்குப் போகிற தொழிலாளிக்கு இரண்டும் ஒன்றுதானே? அந்த விதி இன்றும் அமலில் இருக்கிறது.